பழிவாங்கும் நாடகங்களைப் படித்த வருஷம்

எம்.ஏ. ஆங்கிலத்தில் எனக்கு ஒரு தாள் மட்டும் பாக்கி இருந்தது. மறுமலர்ச்சிக் கால நாடகங்களும், இங்கிலாந்தில் மன்னராட்சி திரும்பி வந்தபின் எழுதப்பட்ட நாடகங்களும் சேர்ந்த தாள். கூடலூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டே, தபால் வழியில் மற்றத் தாள்களை எல்லாம் எழுதித் தேறிவிட்டேன். இதில் மட்டும் இரண்டு முறை தோற்றேன். மூன்றாவது முறைக்குத் தேர்வுக் கட்டணம் கட்டிய மாதத்தில்தான் கால் வீங்கியது. பிறகு முகம். செருப்பு சேரவில்லை என்று கடையில் மாற்றப் போனவளை என் கணவர் அப்படியே தேனிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று அங்கே சொன்னார்கள்.

அதன்பின் வாரத்துக்கு மூன்று நாள் தேனிக்குப் போய் டயாலிசிஸ் கட்டிலில் படுக்க வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடத்து வேலை தானாகவே நின்றது. என் கணவர் ஜீப் ஓட்டுகிறவர். விடியும் முன்னால் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறுவார், சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருவார். என் ஆஸ்பத்திரி நாட்களில் ஜீப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு என்னோடு பஸ்ஸில் வந்தார்.

இடது கையில் இரண்டு ஊசி. அந்தக் கையை அசைக்கக் கூடாது. ஒரு குழாயில் ரத்தம் வெளியே போய் மெஷினுக்குள் சுற்றி இன்னொரு குழாயில் திரும்பி வரும். முதல் மாதம் அதைப் பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் கணக்கில்லாத யோசனை வந்தது. அதற்குத்தான் நாடகப் புத்தகத்தைக் கொண்டுபோனேன். தேர்வு எழுதுவேன் என்று நினைத்தெல்லாம் இல்லை. ஒற்றைக் கையால் பக்கம் புரட்ட முடியவில்லை. என் கணவர் கொடியில் துணிக்குப் போடும் கிளிப்பு இரண்டைக் கொண்டுவந்து, படித்த பக்கங்களைச் சேர்த்துக் கவ்வ வைத்துக் கொடுத்தார்.

முன்பு தேர்வுக்காகப் படித்தபோது அந்த நாடகங்கள் எனக்கு ஒட்டவே இல்லை. ஒரு பேய் வந்து பழிவாங்கச் சொல்லும், ஒருவன் பைத்தியம் போல நடிப்பான், கடைசி அங்கத்தில் ஒரு விருந்து நடக்கும், விருந்தில் எல்லோரும் செத்து விழுவார்கள். இதை மனப்பாடம் செய்து எழுதித் தோற்றிருந்தேன். இப்போது படிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் காலத்து மேடையில் விளக்கு கிடையாது. பட்டப்பகலில், திறந்த வெளியில் ஆடியிருக்கிறார்கள். இருட்டு வேண்டுமென்றால் ஒரு பாத்திரம் கையில் பந்தத்தோடு வந்து, எவ்வளவு இருட்டு என்று சொல்லவேண்டும். சொன்னால் இருட்டு. எங்கள் டயாலிசிஸ் அறைக்கும் ஜன்னல் இல்லை. வெளியே மழையா வெயிலா என்று யாராவது வந்து சொன்னால்தான் உண்டு.

பக்கத்துக் கட்டிலில் சின்னமனூர் வாழைமண்டிக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவராக இருப்பார். எனக்கு முன்பே அந்தக் கட்டிலுக்கு வந்தவர். இந்த நோய்க்கு வாழைப்பழத்தில் கை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை யாரிடமாவது ஒரு தடவையாவது சொல்லாமல் அவரால் படுக்க முடியாது. நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். கதை என்றேன். சொல்லச் சொன்னார். ஒரு கோமகன் தன் தம்பியைக் கொன்றுவிட்டு ஊரை ஆள்வதையும், செத்தவனின் மகன் சமயம் பார்த்துக் காத்திருப்பதையும் சொன்னேன்.

"அந்த ஊர்ல போலீசு ஸ்டேசன் இல்லியா ஆத்தா?" என்று கேட்டார்.

ஆளுகிறவனே குற்றவாளி, அதனால் முறையிட இடமில்லை, அதனால்தான் இவன் கத்தியை எடுக்கிறான் என்று விளக்கினேன். மேலே மின்விசிறியைப் பார்த்தபடி, "அப்பச் சரி" என்றார்.

அவருக்கு ஒரு பழக்கம். கதையின் முடிவை முதலிலேயே கேட்பார். யார் யார் சாகிறார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் நான் முதல் அங்கத்தைத் தொடங்க வேண்டும். தெரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடாதா என்று ஒருநாள் கேட்டேன். "எனக்குப் போகாது. நாள மறுநாள் நான் வர்றனோ என்னமோ. பாதியில வச்சிட்டுப் போறதுக்கு இது என்ன தொடர்கதையா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நாடகங்களின் முதல் பக்கத்திலேயே இது சாவில் முடியும் நாடகம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களுக்கு முடிவு தெரிந்தே இருந்திருக்கும். சாகப்போகிற ஆள் அதுவரை எப்படி இருக்கிறான் என்று பார்க்கத்தான் வந்திருப்பார்கள்.

யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் மாற்றி வைக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். என் கணவருக்கு ரத்த வகை சேரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. அப்பா இல்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. இருந்தது என் தம்பி ஒருவன்தான். உத்தமபாளையம் பக்கத்தில் எங்கள் அப்பா வைத்திருந்த திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி, ஒரு பெண் குழந்தை. நான் கேட்கவில்லை. அவனே வந்து, "என்னோடத எடுத்துக்கக்கா" என்றான். மதுரையில் பரிசோதனைகள் எல்லாம் செய்தார்கள். பொருந்தியது. அதிகாரிகள் முன்னால் உட்கார வைத்து, யாரும் வற்புறுத்தவில்லையே என்று கேட்டபோது இல்லை என்றான். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேரும் இட்லி சாப்பிட்டோம். அவன் என் சட்னியையும் எடுத்துக்கொண்டான். அந்த ஒரு காலையில்தான் இந்த நோய் வந்தபின் நான் பயமில்லாமல் இருந்தேன்.

அட்மிஷன் நாளன்று அவன் வரவில்லை. போன் அணைந்திருந்தது. அம்மாவைக் கூப்பிட்டால், "அவன் தோட்டத்துல இல்ல. எங்கன போனான்னு தெரியல" என்றாள். நானும் என் கணவரும் மதுரையில் பையோடு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு ஒரு நர்ஸ் வந்து கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று தன்மையாகச் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து அம்மா மூலமாகச் செய்தி வந்தது. அவனால் முடியாதாம். காரணம் சொல்லவில்லை. அவன் என்னிடம் பேசவும் இல்லை.

அதற்குப்பின் அந்த நாடகங்கள் எனக்காக எழுதப்பட்டவை போல ஆகிவிட்டன. பழிவாங்குகிறவனுக்கு உடம்பு முழுக்க ஒரே வேலை. சாப்பாடு ருசிக்காது, தூக்கம் கிடையாது, யாரோடும் மனம் விட்டுப் பேச முடியாது. அதனால் மேடையின் ஓரத்துக்கு வந்து தனக்குத்தானே சத்தமாகப் பேசுகிறான். வகுப்பில் இதைத் தனிமொழி என்று குறிப்பு எடுத்திருந்தேன். இப்போது நானே அதைச் செய்துகொண்டிருந்தேன். அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்தபடி பேசுவேன். என் கணவர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "யார்ட்ட பேசுற?" என்று கேட்டார். "தம்பிட்ட" என்றேன்.

அப்போது எனக்குத் தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். நாக்கு வறண்டுபோகும். தம்பி தோட்டத்தில் பம்புசெட் ஓடும் சத்தம் காதில் கேட்பது போல இருக்கும். அவன் வாய் வைத்துக் குடிப்பதை நினைத்தால் எனக்குள் எழுந்த வெறுப்பு என்னையே பயமுறுத்தியது. அவன் சாக வேண்டும் என்று நினைத்தேனா? நினைத்தேன். அவன் செத்தால் அவனுடையது எனக்குக் கிடைக்குமா என்றும் ஒரு மத்தியானம் நினைத்தேன். கையில் இருந்த புத்தகத்தில் யாரும் அவ்வளவு மோசமாக யோசிக்கவில்லை.

வைகாசியில் தம்பி மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். பண்ணைப்புரம் தாண்டி மலையடியில் இருக்கிற எங்கள் குலசாமி கோயிலில் கிடாவெட்டோடு. பத்திரிகையை அம்மாதான் கொண்டுவந்தாள். அத்தை நான்தான். அத்தை சீர்த்தட்டு வைக்காமல் காதுகுத்து நடக்காது. நான் போகமாட்டேன் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். போகிறேன் என்றேன். அம்மா அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். மனசு ஆறிவிட்டது என்று நினைத்துவிட்டாள்.

மனசு ஆறவில்லை. எனக்கு ஒரு விருந்து கிடைத்திருந்தது.

பித்தளைத் தாம்பாளம் ஒன்றை எடுத்துத் துலக்கினேன். அதில் எதையும் வைக்கவில்லை. சின்னக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து, மேலே பட்டுத்துணி போட்டு மூடினேன். பார்க்கிறவர்களுக்குப் பாவாடையும் பழமும் இருப்பது போலத் தெரியும். சபையில் வைத்துத் துணியை எடுத்து, "உங்கப்பன் எனக்குக் குடுத்ததத்தான் நானும் கொண்டாந்திருக்கேன்" என்று பிள்ளையிடம் சொல்ல வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைப் பத்துநாள் போலத் தீட்டினேன். 'உங்கப்பன்' என்பதா 'ஒன் மகன்' என்று அம்மாவைப் பார்த்துச் சொல்வதா என்றெல்லாம் மாற்றிப் பார்த்தேன்.

ஜீப்பிலேயே போனோம். என் கணவர்தான் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் வரை நடந்தார். எனக்கு மூச்சு வாங்கியதால் இரண்டு இடத்தில் நின்றேன். புளியமரத்தடியில் சமையல் நடந்துகொண்டிருந்தது. பிள்ளை தன் மாமன் மடியில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்து, ஆசாரி வருவதற்கு முன்பே அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. நான் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு சபைக்கு நடந்தேன்.

தம்பி மனைவி எதிரே வந்தாள். "வாங்க மதினி" என்று இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கினாள். வாங்கியதும் அவள் முகம் மாறியது. தட்டில் கனமில்லை என்று தெரிந்துவிட்டது. நான் துணியை எடுக்கக் கையை நீட்டினேன். அவள் தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நான்தான் போக விடல மதினி. வையிறதா இருந்தா என்னைய வைங்க. பிள்ளைக்கி முன்னால வேணாம்" என்றாள். சொல்லிவிட்டு, மூடிய தாம்பாளத்தை மற்றச் சீர்த்தட்டுகளுக்கு நடுவே கொண்டுபோய் நேராக வைத்தாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

நான் திரும்பினேன். பின்னால் தம்பி வந்து நின்றிருந்தான். இளைத்திருந்தான். என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அவ சொல்றத நம்பாதக்கா. அவ போகத்தான் சொன்னா. பையெல்லாம் அவதான் கட்டி வச்சா. எனக்குத்தான் பயமாப் போச்சு."

"என்ன பயம்?" என்றேன்.

"கத்தி வைக்கிறது. அப்பறம் தோட்டத்துல மருந்தடிக்கிற டேங்கத் தூக்க முடியாமப் போயிருமோன்னு. செத்துருவனோன்னு." பிறகு, "பயந்தான்கா. வேற ஒண்ணுமில்ல" என்றான்.

நான் தீட்டி வைத்திருந்த வாக்கியத்துக்கு இதில் வேலையே இல்லை. ஒரு துரோகிக்காக நான் அதைத் தயாரித்திருந்தேன். அந்த நாடகங்களில் கெட்டவன் நீளமாகப் பேசுவான், ஆசையையோ பொறாமையையோ சொல்லுவான். பயமாக இருந்தது என்று ஒருவன் வெறுமனே சொல்லிவிட்டு நிற்கும் காட்சியை நான் எதிலும் படித்திருக்கவில்லை. ஆசாரி காது குத்தினார், பிள்ளை வீறிட்டாள், எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நான் என் கணவரைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். பந்தியில் உட்காரவில்லை.

பண்ணைப்புரம் தாண்டியபின் அவரிடம் சொன்னேன். "தட்டுல ஒண்ணுமில்ல."

"தெரியும். நாந்தான தூக்கிட்டு வந்தேன்" என்றார்.

ஏன் தடுக்கவில்லை என்று கேட்டேன். ரோட்டைப் பார்த்தபடியே, "தடுத்தா நீ என்ன செய்வியோன்னு எனக்குப் பயமா இருந்துச்சு" என்றார்.

அதன்பின் பழிவாங்கும் நாடகங்களைத் தொட முடியவில்லை. புத்தகத்தின் இரண்டாம் பாதியைத் திறந்தேன். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்த பக்திமான்கள் நாடகக் கொட்டகைகளை மூடிவிட்டார்கள். மன்னர் திரும்பியபின் அவை மறுபடி திறந்தன. முதல்முதலாகப் பெண்களே பெண் வேஷம் கட்டினார்கள். அப்போது எழுதியவை பெரும்பாலும் சிரிப்பு நாடகங்கள். பொய் முடி வைத்த ஆண்கள், விசிறிக்குப் பின்னால் சிரிக்கிற பெண்கள், சொத்துக்காக வலை வீசுகிறவர்கள், மனைவியைப் பூட்டி வைத்துவிட்டு ஏமாறுகிற கிழவர்கள். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே நின்று நிபந்தனை பேசுவார்கள்: காலையில் என்னை எழுப்பக் கூடாது, என் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது. முன்பு படித்தபோது சீ என்று இருந்தது. இப்போது, செத்துக்கொண்டிருக்கிறவளுக்கு இந்தச் சரசம் எதற்கு என்று கோபமாக இருந்தது.

மண்டிக்காரருக்கும் ஒன்றைச் சொன்னேன். வழக்கம் போல முடிவை முதலில் கேட்டார்.

"யாரும் சாகல அண்ணே" என்றேன்.

"ஒருத்தரும்?"

"ஒருத்தரும்."

"அப்பறம் எப்பிடி முடிக்கிறாக?"

எல்லோரும் சேர்ந்து ஆடுவார்கள், அதோடு முடிந்துவிடும் என்றேன். அவர் நம்பவில்லை. அது முடிவே இல்லை, மறுநாள் அந்தப் பொய்யெல்லாம் வெளியே வரும் என்றார். வரும், ஆனால் நமக்குக் காட்ட மாட்டார்கள் என்றேன். அதை அவர் ரசித்தார். அன்றைக்கு நிறையச் சிரித்தார். இரண்டு மூன்று வாரத்துக்குப்பின் அவர் கட்டிலில் ஒரு பையனைப் படுக்க வைத்திருந்தார்கள். டெக்னீஷியனைக் கேட்டேன். வீட்டிலேயே முடிந்துவிட்டது என்றார். எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பையன் ஊசியைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

அந்தச் சிரிப்பு நாடகங்களில் எல்லோரும் பயந்தவர்கள் என்பது எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. கிழடு தட்டிவிடுமோ, காசில்லாமல் போய்விடுமோ, ஊர் சிரிக்குமோ என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பயம். பயத்துக்காக அங்கே யாரையும் குத்துவதில்லை. அவர்கள் பொய் சொல்கிறார்கள், மறைகிறார்கள், மாட்டிக்கொள்கிறார்கள், பிழைக்கிறார்கள். என் தம்பி அந்த மேடைக்கு உரியவன். கத்திக்குப் பயந்து போனை அணைத்துவிட்டு ஓடுகிறவனைப் பார்த்து அந்தக் கொட்டகை சிரித்திருக்கும். அவனை நான் தவறான நாடகத்தில் நிறுத்தியிருந்தேன். இது தெரிந்ததால் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை. என் சிறுநீரகம் அதனால் வேலை செய்துவிடப் போவதில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். கோபத்துக்கு ஆள் இல்லாமல் போனது. அவ்வளவுதான். கோபம் இருந்தவரை அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருந்தேன். அது போனபின் காலையில் எழுவதற்கே காரணம் தேட வேண்டியிருந்தது.

தேர்வு எழுதினேன். என் கணவர் வெளியே நின்றார். பழிவாங்குகிறவன் கடைசியில் ஏன் சாகிறான் என்று ஒரு கேள்வி இருந்தது. சமய நம்பிக்கை, அரச நீதி என்று வழக்கமாக எழுதுவதை எழுதிவிட்டு, அவனுக்கு அதற்குமேல் செய்ய வேலை இல்லை என்றும் ஒரு வரி சேர்த்தேன். தேறிவிட்டேன். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இன்றுவரை ஒன்றும் செய்யவில்லை.

இறந்தவர்களிடமிருந்து தானம் பெறும் வரிசையில் என் பெயரையும் பதிந்திருந்தோம். போன வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் காலை மதுரையிலிருந்து போன் வந்தது. ஒன்று கிடைத்திருக்கிறது, இன்னும் சிலரையும் கூப்பிட்டிருக்கிறோம், எதுவும் சாப்பிடாமல் உடனே வாருங்கள் என்றார்கள். என் கணவர் மலைமேல் இருந்தார். அவர் போனுக்கு டவர் கிடைக்கவில்லை. பலமுறை முயன்றேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. பிறகு தம்பியைக் கூப்பிட்டேன். கோயிலுக்குப்பின் அவனோடு பேசியதே இல்லை. விஷயத்தை மட்டும் சொன்னேன். யாருடைய வேனையோ வாங்கிக்கொண்டு வந்து நின்றான். மருந்தடித்த சட்டையை மாற்றக்கூட இல்லை.

மதுரையில் எனக்கு எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கல்லூரி வயது. அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் இருவருடைய ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அவளுடைய அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள், முடியாமல் திரும்பிக்கொண்டாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவளுக்கு ஒத்துப்போகக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். அவள் அம்மாவும் என்னைப் பற்றி அதையேதான் வேண்டியிருப்பாள். கடைசியில் அந்தப் பெண்ணுக்குப் பொருந்தியது. என்னைப் போகலாம் என்றார்கள்.

அன்று என்னுடைய டயாலிசிஸ் நாள். தம்பி நேராகத் தேனிக்கு ஓட்டினான். ஆண்டிபட்டிக் கணவாயில் வைத்து, "திருப்பிக் கூப்புடுவாகளாக்கா?" என்று கேட்டான். "கூப்புடலாம்" என்றேன்.

வெளியே இருக்கச் சொன்னேன். கேட்காமல் கூடவே உள்ளே வந்தான். அவன் அந்த மெஷினை அதுவரை பார்த்ததில்லை. ஊசி போட்டுக் குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். முகம் வெளுத்துவிட்டது. டெக்னீஷியன் ஸ்டூல் ஒன்றைத் தள்ளிக் கொடுத்தார். உட்கார்ந்தான். வெளியே போகச் சொன்னேன். போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் எனக்குக் கெண்டைக்காலில் இழுத்துப் பிடித்தது. டயாலிசிஸில் அடிக்கடி வருவதுதான், ஆனால் அன்றைக்குக் காலையிலிருந்து வெறும் வயிறு, தாங்க முடியாமல் கத்திவிட்டேன். அவன் எழுந்து வந்து என் காலைப் பிடித்தான். "அழுத்திப் புடிடா" என்றேன். பாதத்தை மேல்பக்கமாக வளைத்து அழுத்திப் பிடித்தான். வலி விட்டபின்னும் அவன் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.